பதினைந்து வயதுக் கண்ணில் புரை

மாடிப்படியில் வைத்துத்தான் அதை முதலில் பார்த்தேன். சனிக்கிழமை, பள்ளிக்கூடம் அரை நாள். பேத்தி புத்தகப் பையோடு மேலே ஏறி வந்தாள். எங்கள் படிக்கட்டில் ஒரு சின்ன சன்னல் இருக்கிறது. மதியம் தாண்டினால் வெயில் அதன் வழியாகச் சாய்வாக விழும். என்னைப் பார்த்து அவள் நிமிர்ந்தபோது அந்த வெயில் பக்கவாட்டில் முகத்தில் பட்டது. கருவிழியின் நட்டநடுவில், கன்னங்கரேலென்று இருக்க வேண்டிய புள்ளியில், வெள்ளையாக ஏதோ இருந்தது. அரிசி கழுவிய தண்ணீரின் நிறம். இரண்டு கண்ணிலும்.

“என்னங் அப்புச்சி, அப்படிப் பாக்கறீங்க?”

“ஒண்ணுமில்ல கண்ணு. சோறு எடுத்து வெச்சிருக்குது, போய்ச் சாப்புடு.”

அவள் உள்ளே போனாள். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அந்த வெள்ளை எனக்குப் பழக்கமானது. இரண்டு வருடத்துக்கு முன்னால் என் இடது கண்ணில் அதையே கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் அறுவைச் சிகிச்சைக்குப் போனேன். அப்போது எனக்கு வயது அறுபத்தாறு. இவளுக்குப் பதினைந்து.

நான் தொழிலாளர் துறையில் முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைத் தராசு, படிக்கல், பெட்ரோல் பங்கின் குழாய், நூல் குடோனில் பெட்டி நிறுக்கும் மேடைத் தராசு, இவையெல்லாம் சரியான அளவு காட்டுகின்றனவா என்று சோதித்து முத்திரை குத்துவது என் வேலை. முப்பத்தோரு வருடம். நான் கடைக்குள் நுழைந்தால் முதலாளிகள் முதலில் டீ சொல்வார்கள், அப்புறம் தராசைத் துடைப்பார்கள். எந்த விண்ணப்பத்துக்கு எந்தப் படிவம், எத்தனை நகல், எந்த மேசையில் எது தூங்கும் என்பதெல்லாம் தலைகீழாகத் தெரியும். அது சொந்தக்காரர்களுக்கும் தெரிந்துவிட்டதால், ஓய்வு பெற்ற பிறகும் யாராவது ஒருவருடைய வாரிசுச் சான்றிதழ் என் பையில் இருந்துகொண்டே இருக்கும்.

மனைவி போன பிறகு திருப்பூரில் மகள் வீட்டோடு இருக்கிறேன். மகள் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வரும் பனியன்களில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எல்லாவற்றையும் கண்டுபிடித்து ஒதுக்குகிற பிரிவு. மருமகன் சாயப்பட்டறையில் ஷிப்ட் பார்க்கிறார். வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் பத்து ஓவர்லாக் தையல் மிஷின் ஓடும் ஒரு சின்ன யூனிட். அதன் பஞ்சுத் தூசி எங்கள் சன்னல் கம்பிகளில் வெள்ளை மீசை மாதிரி படிந்திருக்கும்.

பேத்திக்குச் சர்க்கரை நோய் வந்தது பதினொரு வயதில். பெரியவர்களுக்கு வந்து மாத்திரையில் சமாளிக்கிற வகை அல்ல. உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோய், ஆயுள் முழுக்க ஊசியில் ஓட வேண்டிய முதல் வகை. காலையும் மாலையும் ஊசி. முதல் மூன்று வருடம் மகள்தான் போட்டாள். பிறகு அவள் காலை ஏழரைக்கே கம்பெனி வேனில் ஏற வேண்டியதாகி, பொறுப்பு என்னிடம் வந்தது. ஓய்வு பெற்றவனிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் அதை அலுவலகமாக்கிவிடுவான். நான் பதிவேடு போட்டேன். தேதி, சாப்பாட்டுக்கு முன் சுகர், போட்ட யூனிட், குறிப்பு என்று நான்கு பத்தி, சிவப்பு மையில் கோடு. மருந்தை மாதாமாதம் அரசு மருத்துவமனை வரிசையில் நின்று வாங்கினேன். ஊசிக் குழல்களை வெளியே மருந்துக் கடையில் வாங்கினேன்.

கண் மங்குகிறது என்று அவள் முதலில் சொன்னபோது யாரும் பயப்படவில்லை. “போர்டு பொகையடிச்ச மாதிரி தெரியுதுங்” என்றாள். இந்த ஊரில் கண் கரகரத்தாலும் சிவந்தாலும் மங்கினாலும் காரணம் ஒன்றுதான், பஞ்சு. மகள் பன்னீர் விட்டாள். கீழ் யூனிட்காரர் சன்னலுக்கு வலை அடிக்க வேண்டும் என்று நான் ஒரு மனு எழுதினேன். நல்ல மனு. வலையும் அடித்தார்கள். கண் தெளியவில்லை. கண்ணாடிக் கடைக்குப் போனோம். பவர் பார்த்துக் கண்ணாடி கொடுத்தார்கள். ஐந்து வாரத்தில் அது சேரவில்லை. மாற்றினோம். அதுவும் சேரவில்லை.

“சுகர் ஏறி எறங்குனா பவர் ஒரு எடத்துல நிக்காதுங்க” என்றார் கடைக்காரர். “மொதல்ல அதக் கட்டுல வெச்சுட்டு வாங்க.”

சுகர் கட்டில் இல்லை. அந்தத் தொல்லை கண்ணுக்கு முன்னாலேயே தொடங்கியிருந்தது. மாதக்கணக்காகக் காலையில் முன்னூறு, மாலையில் முன்னூற்றைம்பது. சில நாள் சுகர் பார்க்கும் மிஷினில் எண்ணே வராமல் அளவுக்கு மேல் என்று மட்டும் காட்டும். பிள்ளை இளைத்துக்கொண்டே போனாள். பள்ளிக்கு மூன்று தண்ணீர் பாட்டில் கொண்டு போனாள். சர்க்கரை மருத்துவர் காலை மருந்தை இருபது யூனிட்டில் இருந்து இருபத்து நான்காக்கினார், பிறகு முப்பதாக்கினார். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி கேட்டார்: “எதாவது மாத்துனீங்களா? மருந்து, நேரம், ஊசி, போடற எடம்?” ஒவ்வொரு முறையும் நான் ஒரே பதில் சொன்னேன்: “எதுவும் மாத்தலீங்க டாக்டர். ரிஜிஸ்டர் இருக்குது, பாருங்க.” பதிவேட்டைப் பார்த்து அவர் என்னைப் பாராட்டினார்.

ஊசியில் தவறில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன். மிஷினிலும் தவறில்லை, என் விரலைக் குத்தி, அதே நேரம் ஆய்வகத்தில் கொடுத்த ரத்தத்தோடு ஒப்பிட்டுச் சோதித்திருந்தேன். அப்படியானால் மிச்சம் இருப்பது பிள்ளையின் வாய்.

“எங்க தின்ன? பேக்கரியிலயா?” மகள் வேனை விட்டு இறங்கி வந்ததும் வராததுமாகக் கேட்டாள். நான்தான் மிஷினைக் காட்டியிருந்தேன்.

“நான் திங்கலீங்ம்மா.”

“அப்ப மிஷின் பொய் சொல்லுதா?”

“எனக்குத் தெரியாதுங்.”

“காத்தக் குடிச்சாலா முன்னூத்தம்பது வரும்? சொல்லு. நாங்களும் அதையே குடிச்சுக்கறோம், அரிசி மிச்சம்.”

நான் பையைச் சோதனை போட்டேன். கணக்கு நோட்டுக்கு அடியில் பப்ஸ் சுற்றிய எண்ணெய்க் காகிதம் ஒன்று கிடைத்தது. பக்கத்து பெஞ்சுப் பிள்ளை வைத்தது என்றாள். கள்ள எடைக்கல்லைக் கையில் பிடித்தால், அது பக்கத்துக் கடைக்காரருடையது என்று சொன்னவர்களை முப்பத்தோரு வருடம் பார்த்தவன் நான். நம்பவில்லை. அவள் அழவில்லை. மறுநாளில் இருந்து பள்ளி விட்டு வந்ததும் பையை என் முன்னால் அவளே தலைகீழாகக் கொட்டிக் காட்டிவிட்டு உள்ளே போனாள்.

இந்த நிலையில்தான் அந்தச் சனிக்கிழமை வெயிலில் வெள்ளையைப் பார்த்தேன். மகளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “கண்ணாடி சேர மாட்டேங்குது, கோயமுத்தூர்ல பெரிய கண்ணாஸ்பத்திரியில காட்டிட்டு வந்தர்றோம்” என்று மட்டும் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை பேத்தியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கண்ணில் சொட்டு மருந்து விட்டு, மூடி உட்காரச் சொன்னார்கள். கூடம் முழுக்க என் வயதுக்காரர்கள். பக்கத்தில் கொமரலிங்கம் என்கிற ஊரில் இருந்து வந்த விவசாயி ஒருவர், பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் திரும்பினார்.

“ஏனுங்க, ஆப்ரேசனுங்களா உங்களுக்கு?”

“எனக்கு முடிஞ்சுதுங்க.”

“அப்பப் புள்ள தொணைக்கு வந்திருக்குதாக்கும்.”

பேத்தி கண்ணைத் திறக்காமலேயே சொன்னாள்: “இல்லீங்க. அவருதான் எனக்குத் தொணை.”

அவர் சிரித்தார். வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டார்.

மருத்துவர் என் மகளைவிட இளையவர். கருவியில் தாடையை வைக்கச் சொல்லி, ஒளிக்கீற்றை விட்டு இரண்டு கண்ணையும் வெகுநேரம் பார்த்தார்.

“புரைதான் சார். ரெண்டு கண்ணுலயும்.”

“பதினஞ்சு வயசுலயா?”

“டைப் ஒன் சுகர் இருக்கற பிள்ளைங்கள்ல சிலருக்கு வரும். சுகர் ரொம்ப நாள் ஏறியே இருந்தா, வயசானவங்களுக்கு வருஷக்கணக்குல வர்றது இவங்களுக்கு மாசக்கணக்குல வந்துரும். லென்ஸை எடுத்துட்டு வேற வெக்கலாம். அதுல எனக்குப் பயமில்ல.”

“எதுல பயம்?”

அவர் பேத்தியைப் பார்த்தார். வெளியே அனுப்பலாமா என்று யோசித்தார் போல. அவள் நகரவில்லை.

“பின்னாடி விழித்திரை இருக்கு. சுகர்னால அது கெட்டுப்போயிருந்தா, லென்ஸ் மாத்தியும் பார்வை வராது. இந்த வெள்ளைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு எனக்குத் தெரியல. ஜெல் வெச்சு ஒரு ஸ்கேன் எடுக்கலாம். திரை கழண்டுக்காம எடத்துல இருக்குதான்னு அது சொல்லும். நல்லா இருக்குதான்னு சொல்லாது.”

ஸ்கேன் எடுத்தார்கள். திரை இடத்தில் இருந்தது. அவ்வளவுதான். இவளுக்கு வெளியே தெரியவில்லை, மருத்துவருக்கு உள்ளே தெரியவில்லை. இடையில் ஒரு வெள்ளை. அதைத் திறக்கிற வரைக்கும் இந்தப் பிள்ளை பார்ப்பாளா மாட்டாளா என்பது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்று அந்த அறையில் எனக்குப் புரிந்தது.

உடனே திறக்கவும் முடியாது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில், ஏழு சதவீதத்துக்குள் இருக்க வேண்டிய மூன்று மாதச் சராசரி பதின்மூன்றுக்கு மேல் இருந்தது. அந்த அளவில் கத்தி வைத்தால் புண் ஆறாது, கிருமி பிடிக்கும் என்றார். முதலில் சுகரை இறக்க வேண்டும், அதையும் மெதுவாக. சடாரென்று இறக்கினால் விழித்திரை இன்னும் கெடும் ஆபத்தும் உண்டாம். நான் காப்பீட்டுத் திட்டக் கவுண்டருக்குப் போய்ப் படிவம் வாங்கி, கொட்டை எழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பினேன். பயம் வந்தால் சிலர் கோயிலுக்குப் போவார்கள். நான் கவுண்டருக்குப் போவேன்.

வியாழக்கிழமை மறுபடி வரச் சொன்னார்கள். மருந்து, ஊசி, பதிவேடு எல்லாம் கொண்டு வர வேண்டும், காலை ஊசியை அங்கேயே அவர்கள் முன்னால் போட வேண்டும். மருந்துப் பாட்டிலை ஐஸ் போட்ட டிபன் கேரியரில் வைத்து எடுத்துப் போனேன். சர்க்கரைப் பிரிவில் இருந்த செவிலியர் தென்மாவட்டத்துப் பெண். பதிவேட்டைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், “போடுங்க அய்யா, பாக்குதேன்” என்றார். நான் முறைப்படி கையைக் கழுவி, பாட்டில் மூடியைத் துடைத்து, முப்பது வரைக்கும் இழுத்து, குமிழி தட்டி எடுத்தேன். குறை சொல்ல இடமில்லை.

“ஒரு நிமிசம். இந்தச் சிரிஞ்சு எங்க வாங்குனிய?”

“மருந்துக் கடையிலதாம்மா. முன்னாடி செவப்பு மூடி போட்டது வாங்கிட்டிருந்தோம். அதுல நாப்பது கோடுதான். இதுல அதே நீளத்துக்கு நூறு வரைக்கும் எண் இருக்குது, பாருங்க. ஒரே நீளத்துல பிரிவு எத்தனை அதிகமோ, அளவு அத்தனை துல்லியம். நான் எடையளவுல முப்பத்தோரு வருசம்...”

அவர் என்னை முழுக்கப் பேசவிட்டார். பிறகு பாட்டிலை என் கையில் கொடுத்தார்.

“இதுல என்ன போட்டிருக்கு, வாசிங்க.”

கண்ணாடியை மாட்டி வாசித்தேன். ஒரு மில்லிக்கு நாற்பது யூனிட்.

“சிரிஞ்சுல?”

ஒரு மில்லிக்கு நூறு யூனிட்.

அதற்கு மேல் அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. விளக்கினார். “இது நூறு யூனிட் மருந்துக்கு உள்ள சிரிஞ்சு அய்யா. நாப்பது மருந்த இதுல முப்பது வரைக்கும் இழுத்தா, உள்ள போறது பன்னெண்டு. இருபது போட்டப்ப எட்டுதான் போயிருக்கும். நாப்பதுக்குச் செவப்பு மூடி, நூறுக்கு ஆரஞ்சு. அதுக்காவத்தான் நெறமே மாத்தி வச்சிருக்கு.”

மூடியின் நிறத்தை நான் கம்பெனிக்காரனின் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். வேலையில் இருந்தபோது புதிதாக வருகிற பையன்களிடம் சொல்வேன், பெயிண்டைப் பார்க்காதே, எண்ணை வாசி என்று. நான் எண்ணை வாசித்தேன். ஒன்றை மட்டும் வாசித்தேன். இந்த ஊசிக்கு மாறி எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த எட்டு மாதமும் குளிர்சாதனப் பெட்டியில் மருந்துப் பாட்டில்கள் மீந்துகொண்டே வந்தன. இரண்டு வாரத்துக்கு ஒன்று காலியானது போய், ஒரு மாதம் வந்தது. அதையும் கவனித்தேன். புது ஊசியால் சேதாரம் குறைந்திருக்கிறது என்று குறிப்புப் பத்தியில் என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

பேத்தி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. செவிலியரிடம் கேட்டாள்.

“அக்கா, அப்ப ஒண்ணும் திங்காமயே முன்னூறு வருங்களா?”

“வரும்மா. ஊசி பத்தலன்னா பட்டினி கெடந்தாலும் வரும்.”

அவள் தலையாட்டினாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் சன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு, வெளியே பார்ப்பது போல முகத்தை வைத்துக்கொண்டாள். பாதி வழி வந்த பிறகு பேசினாள்.

“அம்மாட்ட நான் சொல்ல மாட்டனுங் அப்புச்சி. கடைக்காரன் தப்பாக் குடுத்துட்டான்னு வேணா சொல்லிக்கங்க.”

எனக்கு அந்தப் பிள்ளையைப் பார்த்துப் பயமாக இருந்தது. எட்டு மாதம் குற்றவாளிக் கூண்டில் நின்று, எப்படித் தப்பிப்பது என்று எனக்குச் சொல்லித் தருகிற அளவுக்குத் தேறியிருந்தாள். நான் கடைக்காரரிடம் பெயர் சொல்லி அந்த ஊசியைக் கேட்டு வாங்கியவன். நூறு எண்ணிக்கைப் பெட்டியாக. அவர் “இதுவேதானுங்களா?” என்று கேட்டதும் நினைவுக்கு வந்தது.

மகள் வந்ததும் சொன்னேன். வெள்ளையைச் சொன்னேன், புரையைச் சொன்னேன், பின்னால் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாததைச் சொன்னேன், ஊசியைச் சொன்னேன். சாப்பாட்டுக் கூடையைக்கூட அவள் தோளில் இருந்து இறக்கவில்லை.

“எத்தன நாளா?”

“எட்டு மாசம்.”

குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பாட்டில்களைப் பார்த்தாள்.

“இத்தன மிச்சமாச்சே. உங்களுக்குத் தோணவே இல்லீங்களாப்பா?”

“சேதாரம் கொறஞ்சுதுன்னு நெனச்சேன் கண்ணு.”

அவள் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். “எங்க கம்பெனியில ஒரு பீஸ ரெண்டு பேரு பாக்காம பெட்டியில போடமாட்டோம்” என்றாள். “ஊட்ல ஒருத்தர மட்டும் நம்பி உட்டுட்டேன். நீங்க ஆபீசர்னு.” பிறகு, “புள்ளயத் திருடின்னு சொன்னமே” என்றாள். அதை என்னிடம் சொன்ன மாதிரி தெரியவில்லை. உள்ளே போய்ப் பேத்தியின் பின்னால் உட்கார்ந்து தலையை வாரிவிட்டாள். ஏற்கெனவே வாரிப் பின்னியிருந்த தலை.

அன்றோடு நான் ஊசியைத் தொடவில்லை. மகள் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு அவளே போட்டாள். சிவப்பு மூடி ஊசி, மருத்துவர் புதிதாகக் குறைத்துக் கொடுத்த அளவு, முதலில் பதினாறு யூனிட், போகப் போகப் பதினெட்டு. இப்போது பயம் மறுபக்கம் திரும்பியது. இத்தனை நாள் பட்டினி கிடந்த உடம்புக்குச் சரியான மருந்து போனால் எந்த நேரமும் சுகர் அதலபாதாளத்துக்குப் போகலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பேத்தி தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் அதையே பார்த்தபடி இருந்தாள். கூப்பிட்டால் பதில் இல்லை. மேலுதட்டில் வியர்வை. மிஷின் ஐம்பத்திரண்டு காட்டியது. மகள் குளுக்கோஸ் கரைத்து வாயில் ஊற்றினாள். எட்டு மாதமாகச் சர்க்கரையை ஒளித்து வைத்த வீட்டில், டப்பா எங்கே என்று நான் தேடியதில் இரண்டு நிமிடம் போயிற்று. அந்த இரண்டு நிமிடத்தை நான் எந்தப் பத்தியில் எழுதுவது?

சுகர் இறங்க இறங்கப் பார்வையும் இறங்கிக்கொண்டே போனது. புரை தன் வழியில் முற்றியது. படிக்கட்டை எண்ணி இறங்கினாள். டவுன் பஸ்ஸை எண் பார்த்து அல்ல, நிறம் பார்த்துக் கை காட்டினாள். பிறகு நிறமும் போய், பக்கத்தில் நிற்பவர்களைக் கேட்டாள். அம்மா சீப்பை நீட்டினால் கை காற்றில் தடவியது. ஒருநாள் எதிரே வந்த மோட்டார் பைக்கின் சத்தத்துக்கு அவள் என் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்தாள். தெருவைக் கடந்த பிறகும் விடவில்லை. வாழ்நாள் முழுக்க இப்படியே பிடித்துக்கொண்டு நடக்க வேண்டி வருமோ? நான் இன்னும் எத்தனை வருடம் இருக்கப் போகிறேன்?

மூன்று மாதம் கழித்துச் சராசரி ஒன்பதுக்குக் கீழே வந்தது. முதலில் இடது கண் என்று நாள் குறித்தார்கள். ஒப்புதல் படிவத்தை மகள் கையெழுத்துப் போடும் முன் நான் வாசித்தேன். பார்வை திரும்பும் என்று எந்த உறுதியும் அளிக்கப்படவில்லை என்பது அதில் ஐந்தாவது வரி. என் கண்ணுக்கும் இதே படிவம்தான். அப்போது வாசிக்காமலேயே போட்டேன். நமக்கெல்லாம் நடக்காது என்கிற அரசு ஊழியர் தைரியம். மகள் வாசிக்கவில்லை. வாசித்துச் சொல்லவா என்று கேட்டேன். “வேண்டாங்ப்பா” என்றாள்.

உள்ளே அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அறுவை அறைக்கு முன்னால், சாயப்பட்டறையில் இருந்து நேரே வந்த மருமகன், விரல் நகங்களில் நீலம் போகாமல், சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தார். என்னோடு அவர் அந்த மூன்று மாதமும் அளவாகத்தான் பேசினார். அன்று ஒரு டீயை வாங்கி வந்து என் கையில் வைத்தார். ஆறிப்போகிற வரைக்கும் அதை வைத்திருந்தேன்.

மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள். கண் சிவந்து, கலங்கியிருந்தது. அவள் முதலில் பார்த்தது யாரையும் அல்ல, எதிர்ச் சுவரின் எழுத்துப் பலகையை. கேட்காமலே வாசிக்க ஆரம்பித்தாள். மேலிருந்து ஐந்தாவது வரி வரைக்கும் போனாள். மகள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். பேத்தி ஒரு கையால் இடது கண்ணை மூடிப் பார்த்தாள், பிறகு வலது கண்ணை மூடிப் பார்த்தாள்.

“அம்மா, அப்புச்சி சட்டை ரெண்டு கண்ணுலயும் வேற வேற ஷேடு. நீங்களா இருந்தா ரிஜெக்ட் பண்ணீருவீங்க.”

மருத்துவர் சிரிக்கவில்லை. அவர் வேலை இன்னும் முடியவில்லை. சொட்டு விட்டு, விளக்கை அணைத்து, லென்ஸ் ஒன்றைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து, முதல்முறையாக உள்ளே பார்த்தார். மேலே பார், கீழே பார், மூக்கைப் பார் என்றார். நான் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தேன். அந்த இருட்டில் எத்தனை நேரம் என்று தெரியவில்லை.

“நடுப்பகுதி நல்லா இருக்கு” என்றார். மகள் மூச்சு விட்டது கேட்டது. “ஓரத்துல ரெண்டு மூணு சின்ன ரத்தப் புள்ளி இருக்கு. சுகர் கட்டுல இருந்தா அப்படியே நிக்கலாம்.”

“நிக்குமுங்களா, நிக்கலாமுங்களா?” என்று கேட்டேன். அந்த வேறுபாடு எனக்குத் தொழில்.

“நிக்கலாம் சார். மூணு மாசத்துக்கு ஒருக்கா பாக்கணும். ஆயுசுக்கும் பாக்கணும். வலது கண்ணு அடுத்த மாசம். அதுக்குப் பின்னாடி எப்படி இருக்குன்னு இன்னும் தெரியாது.”

மகள் சொட்டு மருந்து வாங்க மருந்தகத்துக்குப் போனாள். வரிசை நீளம். நாங்கள் இருவரும் கேன்டீனில் இட்லியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சாப்பிடும் முன் ஊசி போட வேண்டும். பேத்தி பையில் இருந்து பாட்டிலையும் சிரிஞ்சையும் தானே எடுத்தாள். வலது கண் இன்னும் வெள்ளை. இடது கண்ணில் வைத்திருக்கிற லென்ஸ் தூரத்துக்கு மட்டுமானது. கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி ஒரு மாதம் கழித்துத்தான் தருவார்கள். வாசலுக்கு வெளியே போகிற பஸ்ஸின் எண்ணை வாசித்தாள். கையில் இருக்கிற சிரிஞ்சின் கோடு அவளுக்குத் தெரியவில்லை. குத்துமதிப்பாக இழுத்து, என் பக்கம் நீட்டினாள்.

“பதினெட்டு இழுத்திருக்கேன்னு நெனைக்கறனுங். பாத்துச் சொல்லுங்க அப்புச்சி.”

“அம்மா வரட்டும் கண்ணு.”

“பசிக்குதுங். பாத்துச் சொல்லுங்க.”

மூடியைப் பார்த்தேன். சிவப்பு. பாட்டிலை வாங்கி வாசித்தேன், நாற்பது. சிரிஞ்சைத் திருப்பி வாசித்தேன், நாற்பது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டேன்.

“பத்தொன்பதுல நிக்குது. ஒரு கோடு அதிகம்.”

அவள் வாங்கி, விரலால் மெல்லத் தள்ளிவிட்டு மறுபடி நீட்டினாள்.

“இப்ப?”

“பதினெட்டு.”

“நல்லாப் பாத்தீங்களா?”

மறுபடியும் பார்த்தேன்.